ஆப்பக்கடை வாசலில் கார்லோவியா

சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் சந்திரமதியின் ஆப்பக்கடை வாசலுக்குக் கார்லோவியா நாட்டு வாக்காளர் வரிசை வந்து சேர்ந்தது, தைப்பூசம் கழிந்த இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு. அன்று தேக்கா சந்தையில் தேங்காய் ஒன்று ஒரு வெள்ளி எண்பது காசு, முருங்கைக்காய் வரவில்லை. வரிசையில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள், எல்லோர் கையிலும் வாக்காளர் அட்டை இருந்தது, யாரும் யாரையும் முந்தவில்லை. வரிசையின் தலை சந்திரமதியின் கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் நின்றது. உடம்பு பக்கத்தில் அர்ஃபானின் குடைக்கடையைத் தாண்டி மூலைச் சந்துக்குள் திரும்பியது. வால் கார்லோவியாவிலேயே இருந்தது. அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தலையைத் தட்டிக்கொண்டே, ஆமாம், பனிதான் என்றார்கள். அதற்குமேல் அதில் பேச என்ன இருக்கிறது?

கார்லோவியா ஐரோப்பாவில் இருக்கிறது. ஐரோப்பாவில் எங்கே என்று நெருக்கிக் கேட்டால் அந்த நாட்டுக்காரர்களுக்கே கோபம் வரும், எல்லையில் தகராறு. அங்கே ஜனநாயகம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது, சட்டப்படி, முத்திரையோடு இருந்தது. பத்திரிகைகள் எதை வேண்டுமானாலும் எழுதலாம், காகிதத்துக்கு மட்டும் அமைச்சகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஊர்வலம் போகலாம், ஓர் ஊர்வலத்துக்கு ஒரு ஆள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் இடைவெளி. நீதிபதிகள் யாருக்கும் பயப்படாமல் தீர்ப்பு எழுதலாம், முப்பத்தெட்டு வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாக்குரிமையிலும் யாரும் கைவைக்கவில்லை. ஏழாம் வட்டாரத்து ஜனங்கள் மட்டும் ஒவ்வொரு தேர்தலிலும் ஆளுங்கட்சிக்கு எதிராகவே போட்டுத் தொலைத்தார்கள். அதனால் அவர்களுடைய வாக்குச்சாவடியைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆற்றுக்கு அக்கரைக்கு மாற்றினார்கள். ஜனங்கள் நீந்திப்போய் வாக்களித்தார்கள். அடுத்த முறை மலையுச்சிக்கு மாற்றினார்கள். ஏறிப்போனார்கள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்! கடைசியில் தேர்தல் அதிகாரிகள் உலக வரைபடத்தை விரித்து, எவ்வளவு நாள் வரிசையில் நின்றாலும் யாரும் சலித்துக்கொள்ளாத ஊர் எது என்று ஆராய்ந்து, ஒரே மனதாகச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘டன்லப் ஸ்ட்ரீட் ஆப்பக்கடை. கதவு திறக்கும்வரை வாசலில் காத்திருக்கவும்’ என்று அரசிதழில் அறிவிப்பு வந்தது. ஏழாம் வட்டாரத்தார் வழக்கம்போலப் பழைய பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை பிடித்தார்கள், ஓர் அடி எடுத்து வைத்தார்கள், வந்துவிட்டார்கள்.

இந்த விவரங்களையெல்லாம் சந்திரமதிக்குச் சொன்னவர் அர்ஃபான். குடை வியாபாரத்தில் மழை வராத நேரம் முழுக்கப் பத்திரிகை படிப்பதற்கே என்று வைத்துக்கொண்டவர் அவர். முக்கியமான இரண்டு சட்டங்களையும் அவர்தான் விளக்கினார். வரிசையை விட்டுப் போனவரின் வாக்கு செல்லாது, இது ஒன்று. வரிசையில் கடைசி ஆள் வாக்களிக்கும்வரை தேர்தல் முடிந்ததாகாது, தேர்தல் முடியாதவரை பழைய அரசாங்கமே நாட்டை ஆளும், இது இரண்டு.

“அப்போ இவங்க நிக்கிற வரைக்கும் அவங்களுக்குத்தான் கொண்டாட்டம்னு சொல்லுங்க, பாய்” என்றாள் சந்திரமதி.

“அதான் அக்கா, சரியாப் புடிச்சிட்டீங்க. போனாலும் தோத்தாங்க, நின்னாலும் தோத்தாங்க. கதவு எங்கேன்னு தெரிஞ்சாத்தான் உண்டு.”

கடைக்குள் வாக்குச்சாவடி இருக்கிறதா என்று வரிசையின் முதல் ஆள் அன்று காலையிலேயே கேட்டிருந்தார். சந்திரமதி உள்ளே போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னாள். ஆறு ஆப்பச் சட்டி, இரண்டு அடுப்பு, ஒரு குளிர்பெட்டி, சாமான் அறையில் எந்தக் காலத்திலோ சாயம் பூசி ஒட்டிப்போன ஒரு பச்சைக் கதவு. அந்தக் கதவைத் திறந்தால் அர்ஃபான் கடைச் சுவர்தான் இருக்கும். “இங்க அப்படி எதுவும் இல்லீங்களே” என்றாள். அன்றைக்கு அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. அதை இங்கே பதிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் இது தேவைப்படும்.

மூன்றாம் நாள் ஓர் அதிகாரி வந்தார். எந்த அலுவலகம் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. இது கூட்டமா, வரிசையா என்று விசாரித்தார். கூட்டம் என்றால் அனுமதி வேண்டும். வரிசைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் தலையிலிருந்து சந்து முனைவரை நடந்து பார்த்தார், நேராக இருந்தது. வரிசைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றால் இந்தத் தீவில் யாரும் கோழிச்சோறு வாங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். நான்கு ஆப்பம் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் இந்த ஊர்க்காரர்களின் குணம் இருக்கிறதே, அது வேலையைக் காட்டியது. நீளமாக ஒரு வரிசையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. முதல் வாரத்திலேயே முப்பது நாற்பது பேர் வந்து வாலில் சேர்ந்துகொண்டார்கள். சுவா சூ காங்கிலிருந்து வந்த அசோக் என்பவர் பனியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். இங்கே என்ன விற்கிறார்கள் என்று அர்ஃபான் அவரிடம் கேட்டார். “தெரியல லா. ஆனா எவ்ளோ நீளம் பாருங்க, நல்ல சாமானாத்தான் இருக்கும்” என்றார் அசோக். கொஞ்சம் விவரமானவர்கள் வரிசையின் தலை எங்கே என்று தேடிவந்து ஆப்பக்கடையைக் கண்டுபிடித்து, ஓகோ, ஐரோப்பாக்காரனே வந்து நிற்கிற ஆப்பமா என்று நேரே கல்லாவுக்கு வந்தார்கள். படம் பிடித்தார்கள். இன்னும் பலர் வந்தார்கள்.

சந்திரமதி பதினோரு வருஷமாக அந்தக் கடையை நடத்திவருகிறாள். ஆப்பம் நன்றாகத்தான் இருக்கும்; ஆனால் நன்றாக இருப்பது மட்டும் லிட்டில் இந்தியாவில் எந்தக் கடையையும் காப்பாற்றியதில்லை. காலையில் கரைத்த மாவில் பாதி சாயங்காலம் சாக்கடைக்குப் போகும். தீபாவளியோடு கடையின் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லியே விட்டாள். பொங்கோலில் இருக்கும் மகள் ரக்ஷனா அறையை ஒழித்து, மெத்தைகூட வாங்கிப் போட்டுவிட்டாள். மகள் வீட்டு மெத்தையில் படுத்துக்கொண்டு மருமகன் போடும் தொலைக்காட்சியைப் பார்ப்பது சந்திரமதிக்குச் சரிப்படாது. இந்தக் கடை அவளுடையது, அவ்வளவுதான்; வேறு காரணம் எதுவும் அவளிடம் இல்லை. வரிசை வந்த முதல் நாள் பதினொரு மணிக்கே மாவு தீர்ந்தது. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. காலிச் சட்டியைப் பார்த்து அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

வரிசையில் முதல் ஆள் வெரோஷ்கா. எழுபத்தொரு வயது, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மடக்கு நாற்காலி ஒன்றோடு வந்திருந்தார். அவருடைய மகன் பத்திரிகை நடத்தினான். காகிதம் கிடைக்காமல் படுக்கை விரிப்பில் அச்சடித்து வீடு வீடாகப் போட்டான். ஜனங்கள் படித்துவிட்டு அதிலேயே படுத்துக்கொண்டார்கள். படுக்கை விரிப்பை நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்திய குற்றத்துக்கு நான்கு வருஷம் சிறை. அரசாங்கம் மாறினால் அவன் வெளியே வருவான். அதனால் வெரோஷ்காவுக்கு இந்த வாக்கு வாக்கு மட்டுமல்ல, பிள்ளை. இதை அவர் இரண்டாவது மாதமே சந்திரமதியிடம் தமிழில் சொல்லிவிட்டார். ஏழாம் வட்டாரத்தார் மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள், நிற்கிறவனுக்கு வேறு என்ன வேலை? “அக்கா, ரெண்டு முட்டை ஆப்பம், சீனி தனியா லா” என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். தேக்கா உணவு நிலையத்தில் மேசை பிடிக்க டிஷ்யூ பாக்கெட் வைக்கும் வழக்கத்தையும் கற்றுக்கொண்டார்கள். குளிக்கப் போனால், தூங்கப் போனால், நின்ற இடத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட். காற்றடித்தது, மழை கொட்டியது, தெருக்கூட்டும் வண்டி வந்தது. ஒரு பாக்கெட்டும் ஒரு விரற்கடை நகரவில்லை. கார்லோவியா தேர்தல் ஆணையமே இதைச் செல்லும் என்று ஒப்புக்கொண்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை, டிஷ்யூ வைத்த இடத்தில் யார் கைவைப்பார்கள்?

இனிச் சொல்லவேண்டியது சொல்லச் சங்கடமானது. வரிசை வந்த பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சாமான் அறையில் யாரோ கதவைத் தட்டினார்கள், உள்பக்கத்திலிருந்து. சந்திரமதி தோசைத்திருப்பியால் சாயத்தைக் கீறிப் பச்சைக் கதவைத் திறந்தாள். அர்ஃபான் கடைச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அறை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி. நடுவில் மேசை, மேசைமேல் வாக்குப் பெட்டி, பென்சில்கள். மெலிந்த அதிகாரி ஒருவர் எழுந்து நின்று, முதல் ஆள் வரலாம் என்றார். “ஒரு நிமிஷம்ங்க” என்று சந்திரமதி திரும்பினாள். திரும்பினால் கல்லாவில் நாற்பது பேர் நிற்கிறார்கள். சட்டியில் ஆப்பம் ஓரம் சிவந்துகொண்டிருக்கிறது. கூட்ட நேரம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினாள். கூட்ட நேரம் முடிய இரவாகிவிட்டது. ஞாயிறு இன்னும் கூட்டம். திங்கட்கிழமை கட்டாயம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாள். திங்கட்கிழமை அரிசி வந்து இறங்கியது, இருபத்தைந்து கிலோ மூட்டை பன்னிரண்டு, வைக்க வேறு இடமில்லை. கதவை ஒட்டி அடுக்கச் சொன்னாள். தற்காலிகமாகத்தான்.

தீபாவளி முடியட்டும் என்று பிறகு ஒரு தவணை வைத்தாள். தேர்தலை யாரும் ரத்து செய்யவில்லையே, கதவு திறப்பதுதானே கொஞ்சம் தள்ளிப்போகிறது என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டாள். தினமும் மூன்று மணிக்கு அந்த அதிகாரி மரியாதையாக மூன்று தட்டு தட்டுவார். இவள் சரியாக அந்நேரம் பார்த்து மாவரைக்கும் எந்திரத்தைப் போடுவாள். பாவம், அந்த மனுஷர் பட்டினி கிடப்பாரே என்றும் அவளுக்கு இருந்தது. அதனால் மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டு, கதவின் அடியிலுள்ள இடுக்கு வழியாகத் தினமும் ஓர் ஆப்பத்தை உள்ளே தள்ளுவாள். ஆப்பம் மெல்லியது, சுலபமாகப் போகும். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து, ‘ஆப்பம் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று முத்திரை குத்திய ரசீது வெளியே வரும். இப்படி முந்நூறு ரசீது சேர்ந்தது. தீபாவளி வந்தது, போனது. கடை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாள். பொங்கோல் மெத்தையில் பேரன் படுத்துக்கொண்டான். வெளியே வெரோஷ்காவின் மடக்கு நாற்காலியில் துணி கிழிந்து, அர்ஃபான் பழைய குடைத்துணி போட்டுத் தைத்துக் கொடுத்தார்.

அடுத்த தைப்பூசத்துக்கு முந்தின வாரம், வெள்ளைச் சட்டை போட்ட கார்லோவியாத் தூதர் கடைக்கு வந்தார். வரிசையைப் பார்த்துப் புன்னகை செய்தார், ஒருவரும் பதிலுக்குப் புன்னகைக்கவில்லை. உள்ளே வந்து பையிலிருந்து வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்தார். தேர்தலின் ஒழுங்கையும் அமைதியையும் காத்ததற்காகச் சந்திரமதிக்குக் குடியரசின் பதக்கம், இரண்டாம் வகுப்பு. கழுத்தில் மாட்டியும் விட்டார். அடுத்த பத்து வருஷத்துக்குக் கடை வாடகையைத் தங்கள் நாடே கட்டும் என்றார். சந்திரமதி கரண்டியைக் கீழே வைத்தாள். எதற்கு என்று கேட்டாள். தூதர் சாமான் அறைப் பக்கம் அன்போடு பார்த்தார்.

“நாங்களும் யாரையும் தடுத்ததில்லை, அம்மா” என்றார். “மூட்டையைத்தான் வைத்தோம்.”

அவர் வெளியே போனார். சந்திரமதி கழுத்தில் பதக்கம் தொங்க வாசலுக்கு வந்தாள். வெரோஷ்கா பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா! சாப்பாட்டுக்குப் பரிசா?” என்று கைதட்டினார். பின்னால் நின்றவர் தட்டினார், அவருக்குப் பின்னால் நின்றவர் தட்டினார், கைதட்டல் குடைக்கடையைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பிப் பனிக்குள் போய் அசோக் வரைக்கும் எட்டியது. அவரும் என்ன ஏது என்று தெரியாமல் தட்டினார். இருநூற்றுப் பதினான்கு பேரும் அவளுக்காக மனசார மகிழ்ந்தார்கள். சீ, என்ன பிழைப்பு இது என்று சந்திரமதிக்குத் தோன்றியது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பூமி பிளக்கவில்லை, டன்லப் ஸ்ட்ரீட்டில் எத்தனையோ நடக்கும், கேட்டது மட்டும் நடக்காது.

“கதவு உள்ளதாங்க இருக்கு” என்றாள்.

வெரோஷ்காவின் கை அந்தரத்தில் நின்றது. “எத்தனை நாளா?”

“பன்னெண்டாம் நாள்லேர்ந்து தெரியும். நாந்தான் மூட்டை போட்டு மறைச்சேன். வியாபாரம் போயிடும்னு பயந்துட்டேன். மன்னிச்சிருங்கன்னு கேக்கறதுக்கே எனக்கு வாயில்ல.”

கிட்டத்தட்ட ஒரு வருஷம். வெரோஷ்கா கணக்குப் போட்டுப் பார்ப்பது போல் விரல்களை மடக்கினார், பாதியில் விட்டுவிட்டார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். “பசிச்சப்போ ஆப்பம் குடுத்தீங்க, அதனால திட்ட மாட்டேன்” என்றார். “ஆனா மறக்கவும் மாட்டேன். இப்ப மூட்டையத் தூக்குங்க.”

அர்ஃபான் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார். “என்ன அக்கா இது, நாங்க இதை உங்ககிட்ட எதிர்பாக்கல” என்று திட்டிக்கொண்டே மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைச் சந்திரமதி பிடித்தாள். பன்னிரண்டு மூட்டையும் நகர்ந்தபோது அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது, அது இன்றுவரை சரியாகவில்லை. கதவைத் திறந்தார்கள். அதிகாரி கொஞ்சம் சதை போட்டிருந்தார். முதல் ஆள் வரலாம் என்றார். வெரோஷ்கா தலையை வாரிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். வாக்களிக்க அவருக்கு நான்கு நொடி ஆனது. அறையின் மறுபக்கக் கதவு வழியாகத் தன் ஊருக்குள் இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை, மடக்கு நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆப்பச் சட்டிகளைத் தாண்டி ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற அசோக்கும் உள்ளே போனார். பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று அதிகாரி வருத்தம் தெரிவித்து ஒரு பென்சில் கொடுத்தார். நல்ல பென்சில், வீண்போகவில்லை என்று அசோக் ரொம்பத் திருப்தியாக ரயிலேறினார்.

ஆளுங்கட்சி பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. வெப்பமண்டலத்தில் வாக்களித்தவர்கள் வியர்வையில் மனம் மாறியிருக்கலாம் என்று வழக்குப் போட்டார்கள். முப்பத்தேழு வயது நீதிபதி ஒருவர், ஓய்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அதைத் தள்ளுபடி செய்தார். புது அரசாங்கமும் அப்படி ஒன்றும் தேவலோகத்திலிருந்து வந்ததில்லை, காகித விண்ணப்பத்தை எடுத்துவிட யோசித்து யோசித்து நாலு மாதம் எடுத்துக்கொண்டது. ஆனால் எடுத்துவிட்டது. சந்திரமதி பதக்கத்தையும் வாடகைக் காகிதத்தையும் தூதரகத்துக்குப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினாள். பதக்கம் மாவில் விழுந்து எடுத்தது, ஒரு பக்கம் புளித்திருந்தது. வியாபாரம் பாதியாகக் குறைந்தது. பாதி மிஞ்சியதே பெரிது. பொங்கோல் மெத்தைக்கு இன்னும் ஆபத்தில்லை.

ஆடி மாதம் வெரோஷ்காவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே வெள்ளைப் படுக்கை விரிப்பு, இரட்டைக் கட்டில் அளவு. மகன் வெளியே வந்துவிட்டான், பத்திரிகையைக் காகிதத்தில்தான் அச்சடிக்கிறான், இந்த ஒரு பிரதி மட்டும் அக்காவுக்காக விரிப்பில் என்று தமிழில் ஒரு சீட்டு. முதல் பக்கம் முழுக்கச் சந்திரமதியின் கதைதான். பச்சைக் கதவு, பன்னிரண்டு மூட்டை, மாவரைக்கும் எந்திரம், எல்லாம் தேதியோடு இருந்தது, கடைசியில் அவள் கதவைத் திறந்ததும் இருந்தது, இரண்டு வரியில். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்து அர்ஃபான் வாசித்துக் காட்டினார். “இதை உள்ள மடிச்சு வெச்சிருங்க அக்கா” என்றார். சந்திரமதி முக்காலி போட்டு ஏறி, கல்லாவுக்கு மேலே நாலு ஆணி அடித்து அதை மாட்டினாள். என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால், ஆப்பம் வேகும் நேரத்துக்குள் ஒன்று விடாமல் சொல்லிவிடுவாள்.

போன புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு இன்னொரு வரிசை வந்தது. வேறு நாடு, தொப்பி போட்டிருந்தார்கள், முந்நூறு பேர் இருக்கலாம். சந்துக்குள் இந்த முறை பனி இல்லை, ஆலங்கட்டி. அசோக் வாலில் சேர்ந்துவிட்டதாகத் தகவல். கல்லாவில் பதினைந்து பேர் நின்றார்கள், ஆறு சட்டியிலும் ஆப்பம் வெந்துகொண்டிருந்தது. சாமான் அறைக்குள் யாரோ தட்டினார்கள். சந்திரமதி இரண்டு அடுப்பையும் அணைத்தாள். ஆப்பம் கொஞ்சம் தாமதமாகும், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறக்கப் போனாள்.